இளையோருக்கு வேண்டுவது ஊக்கவுரையா, மனமாற்றமா?

"ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகின்றேன். தவக்காலத் தியானத்திலும் கலந்துகொள்கின்றேன். அந்த மூன்று நாளும் உள்ளம் பற்றி எரிகின்றது. பத்தாம் நாள் பழைய சினமும் பழைய சோம்பலும் பழைய பொய்யும் திரும்பி வந்து அமர்ந்துகொள்கின்றன. என்னில் ஏன் எதுவும் மாறவில்லை?"

நம் பங்குகளின் இளையோர் பலரும் இன்று கேட்கும் கேள்வி இது. சொற்கள் வேறுபடலாம், பொருள் ஒன்றே. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகளும், அரசுத் தேர்வை நான்காம் முறையாக எழுதிவிட்டுக் காத்திருக்கும் மகனும், பின்னலாடை ஆலையில் இரவுப் பணி முடித்து வரும் தம்பியும் இதைத்தான் கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் மிக உயர்வாக மதிக்கின்றோம். நம்பிக்கை அற்றவன் இப்படிக் கேட்கமாட்டான். தன் அன்றாட வாழ்வை நற்செய்தியின் முன் நிறுத்திப் பார்த்தவன் மட்டுமே இவ்வாறு வருந்துவான்.

இக்கேள்விக்குத் திருச்சபை என்னும் தாய் இன்று அளிக்கும் விடை என்ன? இளையோர் ஞாயிறு வருகின்றது. வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் அழைக்கப்படுகின்றார். வெற்றிக்கு ஏழு படிகள் என்பார். உன்னால் முடியும் என்பார். எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும் என்பார். கைதட்டல் கூரையைத் தொடுகின்றது. இறுதியில் ஒரு விவிலிய வசனம் சேர்க்கப்படுகின்றது. அந்த வசனத்தையும் இயேசுவின் பெயரையும் எடுத்துவிட்டால் அவ்வுரையில் குறையக்கூடியது ஏதேனும் உண்டா? ஒன்றுமில்லை. வணிக நிறுவனத்தின் விற்பனையாளர் கூட்டத்திலும் அதே உரையை அப்படியே ஆற்றலாம். எந்த மேடைக்கும் பொருந்தும் உரை, சிலுவையின் அடியில் மட்டும் பொருந்துவதில்லை. மறையுரை மேடைக்கும் இப்பழக்கம் ஏறிவருகின்றது என்பதே நம் கவலை.

ஊக்கம் என்ற சொல்லுக்கு நாம் பகைவர் அல்லர். வள்ளுவர் ஊக்கமுடைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். திருத்தந்தையர் எழுதும் மடல்களில் ஒரு வகைக்கே ஊக்கவுரை என்றுதான் பெயர். சோர்ந்தவனைத் தட்டிக்கொடுப்பது அன்பின் செயல். நாம் மறுப்பது ஊக்கத்தையன்று. மனமாற்றத்தின் இருக்கையில் ஊக்கத்தை அமர்த்துவதையே மறுக்கின்றோம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புத்தாண்டு அன்று நம் இல்லங்களில் வழங்கப்படும் வாக்குறுதி அட்டைகளைப் பாருங்கள். அவற்றில் அடிக்கடி இடம்பெறுவது எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு வசனம். உங்கள் நல்வாழ்வுக்காகவும் எதிர்காலத்துக்காகவும் இறைவன் திட்டம் வைத்திருக்கின்றார் என்பது அதன் கருத்து. இளைஞன் அதைத் தன் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்கின்றான். இவ்வாண்டுத் தேர்வில் வெற்றி என்று அதற்குப் பொருள் கொள்கின்றான். அந்த வசனத்திற்கு நேர் முன்னால் நிற்கும் வசனத்தை அவனுக்குப் படித்துக் காட்டியவர் யார்? அதில் எழுபது ஆண்டுகள் என்று எழுதியிருக்கின்றது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய மடல் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், மணம் முடித்துப் பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த நகரின் நலனுக்காகவும் மன்றாடுங்கள் என்கின்றது அம்மடல். இருபது வயதில் அதைக் கேட்டவனுக்கு மீட்பின் நாளில் தொண்ணூறு வயது ஆகியிருக்கும். ஆண்டவரின் நல்ல திட்டம் என்பது, தன் கண்ணால் காணாமலே போகக்கூடிய ஒரு நாளுக்காக இன்று மரம் நடுவது.

அம்மடலுக்கு முந்திய அதிகாரத்தையும் நாம் படித்தல் வேண்டும். அங்கே அனனியா என்ற இறைவாக்கினன் வருகின்றான். மக்கள் கூடிய கோவிலிலேயே, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்குகின்றான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகின்றான். கண்ணைக் கவரும் நிகழ்ச்சி! எரேமியா முதலில் அவ்வாறே ஆகட்டும் என்றுதான் சொன்னார். நம்பிக்கையை வெறுப்பவர் அல்லர் அவர். ஆனால் அனனியா மக்களைப் பொய்யை நம்பச் செய்தான் என்பதே ஆண்டவரின் தீர்ப்பு. உடைந்த மர நுகத்தின் இடத்தில் இரும்பு நுகம் வந்தது. இன்று நம் இளையோர் முன் நுகம் உடைத்துக் காட்டும் அனனியாக்களுக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். எரேமியாவின் மடலை வாசிக்க ஆளில்லை.

தூய பவுலுக்கும் இதே கதிதான். தனக்கு வலுவூட்டுபவரின் துணையால் எதையும் செய்ய ஆற்றல் உண்டு என்று அவர் பிலிப்பியருக்கு எழுதியது விளையாட்டு வீரர்களின் சட்டையிலும் இடம்பெறுகின்றது. அவர் அதை எழுதியது சிறையிலிருந்து. உண்டு நிறைந்திருக்கவும் பட்டினி கிடக்கவும் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்லிய பின்னரே அவ்வாறு எழுதுகின்றார். அடுத்த வரியிலேயே, தம் இன்னலில் பங்குகொண்ட பிலிப்பியருக்கு நன்றி கூறுகின்றார். பசியைத் தாங்கும் ஆற்றலைப் பற்றிப் பேசியவரை நாம் பதக்கம் வெல்லும் ஆற்றலைப் பற்றிப் பேசவைத்துவிட்டோம்.

இது வெறும் மேடைப் பழக்கம், இதற்கு இவ்வளவு சினம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. இது மேடைப் பழக்கம் மட்டுமன்று. திருச்சபை முன்னரே ஆய்ந்து மறுத்த ஒரு கொள்கை புது உடையில் வந்திருக்கின்றது. 413ஆம் ஆண்டை ஒட்டி, தெமெத்திரியா என்ற உரோமை உயர்குடி இளம்பெண் துறவு வாழ்வை ஏற்றாள். அவளுக்கு அறிவுரை மடல் எழுதியவர்களுள் பெலாஜியுஸ் ஒருவர். அவர் தீயவர் அல்லர், ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். தூய வாழ்வுக்கு அழைக்கும்போதெல்லாம், மனித இயல்பின் ஆற்றலை முதலில் எடுத்துக்காட்டுவதே தம் வழக்கம் என்று அம்மடலின் தொடக்கத்தில் அவர் சொல்கின்றார். உன்னால் முடியும் என்ற உரையின் மூலப்படி அதுவே எனலாம். அம்மடலின் ஆபத்தை உணர்ந்த புனித அகுஸ்தினார், அப்பெண்ணின் தாய் யூலியானாவுக்குத் தனி மடல் எழுதி எச்சரித்தார். உன் நற்பண்புகள் உன்னிடமிருந்தே வருகின்றன என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவள் இறைவனுக்கு நன்றி சொல்வதை மறந்துவிடுவாள் என்பதே அவருடைய அச்சம். 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுசின் கொள்கையை மறுத்தது. 2018ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், இன்றைய உலகில் தூய வாழ்வுக்கான அழைப்பைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில், இப்பழைய பிழை நம் காலத்தில் மீண்டும் தலைதூக்குவதைப் பெயர் சொல்லியே கண்டித்தார்.

இதில் உயிர்ப்பிரச்சினை என்னவெனில், உன்னால் எல்லாம் முடியும் என்று கேட்டுச் சென்ற இளைஞன் தோற்கும்போது அவனுக்கு இருமடங்கு தண்டனை கிடைக்கின்றது. தேர்வில் தோற்றான், போதிய நம்பிக்கை இல்லாததால் தோற்றேன் என்று இறைவன் முன்னும் தோற்றவனாகின்றான். வெற்றி பெற்றவனோ தன்னையே வணங்கத் தொடங்குகின்றான். இருவருக்கும் அருள் தேவைப்படுவதில்லை. முதலாமவன் அதற்குத் தகுதியற்றவன் என்று ஒதுங்குகின்றான். இரண்டாமவன் அதற்கு அவசியமில்லை என்று ஒதுங்குகின்றான். நம் பிள்ளைகள் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் உயிரையே மாய்த்துக்கொள்ளும் இந்நாட்டில், அருளைப் பற்றிப் பேசாத மறையுரை கொடிய மறையுரை என்பதே நம் துணிபு.

ஆண்டவர் ஊக்கம் மிகுந்தவரையும் ஊக்கம் இழந்தவரையும் எவ்வாறு நடத்தினார் என்பதை மறைநூல் நமக்குக் காட்டுகின்றது. மாற்கு நற்செய்தியில் வரும் செல்வர் ஓடி வந்தார், முழந்தாளிட்டார். ஊக்கத்தில் என்ன குறை? இயேசு அவரை அன்போடு நோக்கினார். உமக்கு ஒன்று குறைபடுகின்றது என்று சொல்லி, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். அவர் வருத்தத்தோடு சென்றபோது, திரும்ப அழைக்க நிபந்தனையைத் தளர்த்தவில்லை. எலியாவோ சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டினார். அவருக்கு ஆண்டவர் உரை எதுவும் ஆற்றவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார்; உறங்கவிட்டார்; மீண்டும் அப்பம் தந்தார்; பிறகு நாற்பது நாள் பயணத்திற்கு அனுப்பினார்; இறுதியில் எலிசா என்ற தோழரையும் கொடுத்தார். உணவு, ஓய்வு, பணி, துணை ஆகியவையே ஆண்டவர் தந்த மருந்து. நம் இளையோர் மன்றங்களில் இவற்றுள் எது கிடைக்கின்றது?

இத்தகைய நிகழ்ச்சிகள் இல்லையெனில் இளையோர் கோவிலுக்கே வரமாட்டார்கள், வேறு சபைகளுக்குப் போய்விடுவார்கள் என்பது நம்மிடம் அடிக்கடி சொல்லப்படும் தடைமொழி. கூட்டம் வருவது உண்மையே. வந்தவர் தங்குகின்றாரா? கைதட்டலுக்கு வந்தவன் இன்னும் உரத்த கைதட்டல் கேட்கும் இடத்திற்குப் போவான், அதில் வியப்பென்ன? அவன் கேட்டது மாற்றம். நாம் தந்தது ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கின்றது. எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும் என்ற உரை, மாறவேண்டியவர் பட்டியலிலிருந்து நம்மையெல்லாம் விடுவித்துவிடுகின்றது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் இனத்தவர்க்குரிய உரிமை மறுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவ இளைஞன் நம் பங்கிலேயே இருக்கின்றான். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்ட அந்த உரிமை அவனை இன்னும் எட்டவில்லை. அரசு செய்த அநீதி ஒருபுறமிருக்க, கல்லறையிலும் திருவிழாத் தேர்ப்பவனியிலும் சாதி பார்க்கும் ஊர்கள் நம் மறைமாவட்டங்களில் இல்லையென்று சொல்ல யாரால் இயலும்? திருச்சபைக்குள் சாதிப்பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கை ஆவணத்தில் ஒத்துக்கொண்டிருக்கின்றது. இந்த இளைஞனிடம் தாழ்வு மனப்பான்மையை விட்டுவிடு என்று பயிற்சி தருவது என்ன நீதி? தாழ்வு அவன் மனத்தில் இல்லை. நம் தெருவில் இருக்கின்றது. திருமுழுக்கு யோவான் மனம் மாறுங்கள் என்று கூவியபோது இளையோரைத் தனியே ஓர் அறையில் கூட்டி அதைச் சொல்லவில்லை. வரிதண்டுவோரிடமும் படைவீரரிடமும் அவரவர் விட்டொழிக்க வேண்டிய அநீதியைப் பெயர் சொல்லிக் காட்டினார்.

அவ்வாறாயின் மாற்றம் எப்படித்தான் வரும்? மெதுவாக வரும், அன்றாடம் வரும், பிறர் வழியாக வரும். அகுஸ்தினாருக்கு அன்னை மோனிக்காவின் கண்ணீரும், ஆயர் அம்புரோசின் மறையுரையும், நண்பர் ஒருவர் சொன்ன வனத்து அந்தோனியாரின் வரலாறும், அடுத்த வீட்டுக் குழந்தையின் குரலும் வேண்டியிருந்தன. 387இல் திருமுழுக்குப் பெற்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, ஆயராக இருந்து எழுதிய தம் அறிக்கை நூலின் பத்தாம் பகுதியிலும், இன்னும் தம்மை அலைக்கழிக்கும் சோதனைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கின்றார். பத்தாம் நாள் பழைய குணம் திரும்பிவிட்டதே என்று வருந்தும் தம்பிக்கு இதைவிட ஆறுதல் உண்டோ?

2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜோர்ஜோ பிரசாத்தியை எண்ணிப் பாருங்கள். தூரின் நகரத்துச் செல்வக் குடும்பத்து மகன். சுரங்கப் பொறியியல் படிப்பில் தடுமாறி, பட்டம் பெறுமுன்னரே 1925இல் இளம்பிள்ளைவாத நோயால் 24ஆம் வயதில் இறந்தார். வெற்றிக்கு ஏழு படிகள் சொல்லும் மேடையில் அவருக்கு இடமில்லை. ஆயினும் அவரது அடக்கத்திற்கு நகரத்து ஏழைகள் திரண்டு வந்தபோதுதான், தம் மகன் நாளெல்லாம் எங்குச் சென்றுவந்தான் என்பதைப் பெற்றோரே முழுமையாக அறிந்தனர். நற்கருணை, செபம், வின்சென்ட் தே பால் சபைப் பணி, நோயாளரின் மாடிப்படிகள் என்று அமைந்தது அவருடைய அன்றாடம். எவரும் கைதட்டாத அன்றாடம் அது.

எனவே பெற்றோரையும் பங்குப்பேரவை உறுப்பினரையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. அடுத்த இளையோர் ஞாயிறுக்கு யாரைப் பேச அழைப்பது என்று கூடிப் பேசும்போது, அவ்வாண்டு யாரையும் அழைக்காமல் விட்டுப் பாருங்கள். அப்பணத்தில் நோயுற்ற ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவை ஏற்று, அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை இளையோரிடம் ஒப்படையுங்கள். ஒப்புரவு அருளடையாளத்திற்கு வாரந்தோறும் நிலையான நேரம் ஒதுக்கும்படி உங்கள் பங்குத்தந்தையிடம் உரிமையோடு கேளுங்கள். இரவு படுக்கைக்குச் செல்லுமுன் பத்து நிமிட ஆன்ம சோதனை செய்யும் நம் முன்னோரின் வழக்கத்தை வீட்டில் நீங்கள் தொடங்குங்கள், பிள்ளைகள் பின்தொடர்வர். அன்பியக் கூட்டத்தில் அவர்களைப் பாடச் சொல்லி அமரவைப்பதோடு நில்லாமல், கேள்வி கேட்க விடுங்கள். அவர்களுடைய கேள்வி சாதியைப் பற்றியோ கோவில் கணக்கைப் பற்றியோ இருந்தால், வாயை அடைக்காதீர்கள். என்னில் ஏன் எதுவும் மாறவில்லை என்று கேட்கத் துணிந்த பிள்ளைக்கு, நம் பங்கில் ஏன் எதுவும் மாறவில்லை என்று கேட்கவும் உரிமை உண்டு. அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே வரும்.