ஜாவா எதை மறக்குது, எதை மறக்கேல்ல?

இந்தக் கிழமை எபிசோடில ரிஃப்ளெக்ஷன் பற்றிக் கதைச்சோம். நேரம் காணாமல் விட்ட ஒரு விசயத்தை இங்கே எழுதுறன். "ஜாவால ஜெனரிக் டைப்பை ரன்டைமில பார்க்க ஏலாது" எண்டு பலர் சொல்லுவினம். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி தெரியாட்டி டேட்டா பிழைச்சுப்போகும்.

முதல் பாதி இது. லிஸ்ட்<லாங்> எண்டு ஒன்றை உருவாக்கி, 'நீ யார்?' எண்டு ரிஃப்ளெக்ஷனால கேளுங்கோ. 'அரேலிஸ்ட்' எண்டு மட்டும்தான் பதில் வரும். 'லாங்' எங்கேயும் இல்லை. அம்மாவின்ட ஃப்ரீசரில இருக்கிற ஐஸ்கிரீம் பெட்டி மாதிரித்தான். உள்ளே இறைச்சிக்கறியோ எண்டு திறந்தால்தான் தெரியும்.

இதை வேணுமெண்டுதான் செய்தவை. ப்ராக்கா, ஒடெர்ஸ்கி, ஸ்டௌட்டமையர், வாட்லர் எண்ட நாலு பேர் 1998இல் கொண்டுவந்த ஜிஜே திட்டம்தான் 2004இல் ஜாவா 5இன் ஜெனரிக்ஸுக்கு அடித்தளம். பழைய கோட் உடையக்கூடாது எண்டது அவர்களின் நோக்கம். சி ஷார்ப் 2005இல் வேற வழியில போனது. அங்கே ரன்டைமுக்கே டைப் தெரியும். என்னைக் கேட்டால் ஜாவாவின் முடிவு பிழை இல்லை. பழைய லைப்ரரிகளும் புதுக் கோடும் ஒன்றாக ஓடினது அதாலதான்.

மற்றப் பாதிக்கு வருவம். ஒப்ஜெக்ட்தான் மறக்குது, கிளாஸ் ஃபைல் மறக்கிறதில்லை. ஒரு ஃபீல்டை லிஸ்ட்<லாங்> எண்டு அறிவிச்சால் அது அப்படியே பதிவாகும். 'கெட்ஜெனரிக்டைப்' எண்டு கேட்டால் 'லாங்' வரும். மெதட், சூப்பர்கிளாஸ் எல்லாத்துக்கும் இதே கதைதான். நீல் காஃப்டர் 2006இல் எழுதின 'சூப்பர் டைப் டோக்கன்' இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்துது. ஜீசனின் டைப்டோக்கனுக்குப் பின்னால ஒரு வெற்று அடைப்பு {} ஏன் வருது எண்டு யோசிச்சிருக்கிறீங்களா? அது பெயரில்லாத ஒரு சப்கிளாஸ். டைப்பை எழுதிவைக்க ஒரு இடம்.

இது வெறும் தியரி இல்லை. ஜீசனிடம் டோக்கன் குடுக்காமல் வெறும் லிஸ்ட்.கிளாஸ் குடுத்தால், எண்களை எல்லாம் டபிளாக வாசிக்கும். 9007199254740993 எண்ட ஐடி 9007199254740992 ஆகும். அதை லாங் ஆக எடுத்தால் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் வந்து காப்பாற்றும். எடுக்காமல் அப்படியே சேமிச்சால், ஒருவரின் கணக்கு பக்கத்து ஆளின் கணக்காகிடும், ஒரு சத்தமும் வராது.

ஆனால் கம்பைலர் முதலே 'அன்செக்ட்' எண்டு எச்சரிச்சது. நாங்கள்தான் சப்ரெஸ்வார்னிங்ஸ் போட்டு அதின்ட வாயைப் பொத்துறம். ரொறன்ரோவில முதல் கோ-ஒப் வேலைக்குப் போற தம்பி தங்கைகளுக்கு ஒண்டுதான் சொல்லுறன்: கோட் ரிவியூவில அந்த வரியைக் கண்டால் 'ஏன்?' எண்டு கேளுங்கோ. சின்னப் பிள்ளையின் கேள்வி எண்டு ஆரும் நினைச்சாலும் பரவாயில்லை.