பத்து வயதில் தீர்ப்பு வேண்டா

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய சிலரின் படங்கள் பாடசாலை வாயில்களிலே தொங்குகின்றன. அவற்றைப் பார்த்தபடி வகுப்பினுட் செல்லும் ஏனைய சிறார் தம்மைப் பற்றி யாது எண்ணுவர்?

இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் சிறார் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். திறமையுடைய வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணமும், பெரிய பாடசாலைகளில் இடமும் வழங்குதல் இதன் நோக்கம். அந்நோக்கம் நன்றே. ஆயினும், வெட்டுப்புள்ளி உள்ள இடங்களுக்கேற்ப வரையப்படும் எல்லை. மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப அது வேறுபடுவதே இதற்குச் சான்று. இதனைப் பெற்றோரும் ஆசிரியரும் மறந்துவிடுவதால், “எனக்குப் படிப்பு வராது” என்று பத்து வயதுப் பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பெழுதிக் கொள்கிறது. அதன் மௌனத்தை அடக்கம் என்று பாராட்டுவாரும் உளர். தன் அளவை அறிந்தவனிடத்துத் தோன்றுவது அடக்கம். அறியாதவனிடத்துத் தோன்றுவது தாழ்வு மனப்பான்மை.

வெறும் புகழ்ச்சி இந்நோயைத் தீர்க்காது. கிளோடியா மியூலர், கரோல் டுவெக் என்னும் உளவியலாளர் இருவர் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புச் சிறாரை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு ஈண்டுக் கருதத்தக்கது. கெட்டிக்காரர் எனப் புகழப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களிலே தவறியதும் மனந்தளர்ந்து, பின்னர் முன்னையினும் குறைவாகவே செய்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டோர் தளராது தொடர்ந்து, முன்னையினும் நன்கு செய்தனர்.

எம் விடத்தல்தீவிலே, பிறையைக் கொண்டு கடல் பெருகும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் சொல்லவல்ல சிறுவர் உளர். கண்டற்காட்டில் எவ்விடத்து நண்டு படும் என்பதையும் அவர்கள் அறிவர். ஆனால் வகுப்பறையில் அவருட் பலர் வாய் திறப்பதில்லை. ‘என் பொழுதுபோக்கு’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் நான்கு வரியோடு நின்றுவிடும் பிள்ளை, ‘வாடைக்காற்று வீசும்போது எம் கடல்’ என்றதும் இரண்டு பக்கம் எழுதுவதை யான் கண்டிருக்கிறேன். அங்கும் பிழைகளை மறைத்தல் கூடாது. “இவ்வாக்கியம் தெளிவாயிருக்கிறது, இதனைத் திருத்தி எழுது” என்று சுட்டிக் காட்டவேண்டும். திருத்தி முடித்த பிள்ளை தன் வலிமையைத் தானே காண்கிறது. தன்மதிப்பு அங்கேதான் வேர்கொள்கிறது.

ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறேன். பெறுபேறு வரும் நாளிலே, ஐந்தாம் தரப் பிள்ளைகள் அனைவரும் தம் கைப்பட எழுதிய கட்டுரைகளையும் வாயிலிலே தொங்கவிடுங்கள். சித்தியெய்தியோர்க்கு அதனாற் குறைவொன்றுமில்லை. ஏனையோர் தலைநிமிர்ந்து உள்ளே செல்வர்.