துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள்

திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்று தமிழில் சொல்வது வழக்கம். அந்தப் பேச்சுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பணம், ஆள்பலம், சிபாரிசு எல்லாம் கைவிட்ட பிறகுதான் தெய்வத்தின் முறை வரும். கையில் பலம் இருக்கும்போதே அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கடவுளை நம்பியவர்கள் உண்டா? துறவிகளில் சிலர் இருக்கலாம். ஆனால் குடும்பமும் நிலபுலனும் உள்ளவர்கள், ஆயிரக்கணக்கில், அதுவும் துப்பாக்கியோடு பிறந்து வளர்ந்த ஓர் இனத்தவர்? பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் வடமேற்கு எல்லை மாகாணத்தில் அப்படி நடந்திருக்கிறது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் குதாய் கித்மத்கார். 'கடவுளின் ஊழியர்கள்' என்று பொருள்.

பதான்களின் உலகத்தில் துப்பாக்கி என்பது ஆயுதம் மட்டுமல்ல; ஆண்மகன் என்பதற்கான அத்தாட்சி. அவர்களது வாழ்க்கை நெறியில் 'பதல்' என்று ஒன்று உண்டு. பழிக்குப் பழி. பாட்டன் காலத்துக் கொலைக்குப் பேரன் கணக்குத் தீர்ப்பது கடமை. தீர்க்காதவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. 1897ல் பிரிட்டிஷாருக்கு எதிராக எல்லைப்புறம் முழுவதும் கிளர்ந்தெழுந்தபோதும் அந்த வீரத்துக்குக் குறைவில்லை. கலகம் நசுக்கப்பட்டது. ஊர்கள் எரிந்தன. அடுத்த தலைமுறை மீண்டும் துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டது.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வழி தேடியவர் கான் அப்துல் கஃபார் கான். 1890ல் பெஷாவர் சமவெளியில் உத்மான்சாய் கிராமத்தில் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். 'கைட்ஸ்' படைப்பிரிவில் அதிகாரியாகச் சேரும் வாய்ப்பு கிடைத்தது. இந்திய அதிகாரி ஒருவரை வெள்ளைக்காரர் அவமதித்ததைப் பார்த்துவிட்டு அதை உதறினார். 1910ல் ஊரில் பள்ளிக்கூடம் திறந்தார். அதற்காகவும் அரசியலுக்காகவும் சிறை போனார். 1929ல் குதாய் கித்மத்கார் இயக்கத்தைத் தொடங்கினார்.

வெளிப்பார்வைக்கு அது ஒரு ராணுவம்தான். அணிவகுப்பு, முரசு, பதவி வரிசை எல்லாம் இருந்தன. வெள்ளை உடை சீக்கிரம் அழுக்கானதால் தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் தோய்த்துச் செங்கல் நிறமாக்கிக்கொண்டார்கள். 'செஞ்சட்டையர்' என்ற பெயர் வந்தது அப்படித்தான். கம்யூனிஸ்டுகள் என்று நினைத்து மிரண்ட அதிகாரிகளும் உண்டு. இந்த ராணுவத்தில் இல்லாதது ஆயுதம் மட்டுமே. ஒரு தடிகூடக் கிடையாது.

சேர்பவர் எடுத்துக்கொண்ட உறுதிமொழிதான் இயக்கத்தின் உயிர். கடவுளுக்கு மனிதனின் ஊழியம் தேவையில்லை. ஆகவே அவர் படைத்த உயிர்களுக்குச் செய்யும் ஊழியமே அவருக்குச் செய்வது என்று அது தொடங்கும். வன்முறையையும் பழிவாங்குவதையும் விட்டுவிடுவேன், கொடுமை செய்தவரை மன்னிப்பேன், குடும்பப் பகையில் ஈடுபடமாட்டேன், தினமும் இரண்டு மணி நேரமாவது ஊர்ப்பணி செய்வேன் என்று தொடரும். பதான் வாக்குக் கொடுத்தால் உயிர் போனாலும் மீறமாட்டான் என்பது அந்த மண்ணின் பெருமை. பழிவாங்கும் நெறியை ஒழிக்க, வாக்குத் தவறாமை என்ற அதே மண்ணின் நெறியைக் கஃபார் கான் பயன்படுத்தினார். சாட்சி கடவுள், மீறினால் அவருக்குத்தான் பதில் சொல்லவேண்டும்.

'எல்லை காந்தி' என்று இந்தியாவில் அவரை அழைக்கிறார்கள். அன்பான பட்டம்தான், ஆனால் பாதி உண்மையை மறைக்கிறது. தமது அகிம்சையை அவர் கடன் வாங்கியதாக நினைக்கவில்லை. அது இஸ்லாத்தில் இருப்பது, நபிகள் மக்காவில் துன்பப்பட்ட ஆண்டுகளில் கைக்கொண்டது, முஸ்லிம்கள் மறந்துவிட்டார்கள் என்றே சொல்லிவந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் 'சப்ர்'. பொறுமை என்று மொழிபெயர்த்தால் சாறு போய்விடும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் துக்கம் கேட்க வருபவர்கள் 'சபூர் செய்யுங்கள்' என்பார்களே, அந்தச் சொல்தான். நேர்ந்ததைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, இருந்த இடத்தைவிட்டு நகராமல் நிற்பது. சும்மா இருப்பதல்ல, தாங்கி நிற்பது.

அந்தச் சொல்லுக்குச் சோதனை 1930 ஏப்ரல் 23ல் வந்தது. உப்புச் சத்தியாகிரக நாள்கள். தெற்கே ராஜாஜியின் குழு வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்தது. வடக்கே கஃபார் கானும் பெஷாவரின் காங்கிரஸ் தலைவர்களும் கைதானார்கள். நகரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் கூட்டம் திரண்டது. கதை சொல்பவர்களின் வீதி என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. மோட்டார் சைக்கிளில் வந்த ஆங்கிலேய வீரர் ஒருவர் இறந்தார்; எப்படி என்பதில் அன்றிலிருந்தே தகராறு. ஒரு கவச வண்டி தீப்பிடித்தது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் உறுதிமொழி எடுத்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். பிறகு துப்பாக்கிச் சூடு தொடங்கி மணிக்கணக்கில் நடந்தது. முன்னால் நின்றவர்கள் விழ, பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்து நின்றார்கள். இறந்தவர்கள் சுமார் 30 பேர் என்றது அரசு. விட்டல்பாய் படேல் தலைமையில் காங்கிரஸ் நடத்திய விசாரணை சுமார் 125 பேர் என்றது. அந்த அறிக்கையை அரசு தடை செய்தது.

எதிரே நின்ற சிப்பாய்களையும் அது அசைத்தது. கட்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஹவில்தார் சந்திர சிங்கும் தோழர்களும் நிராயுதபாணிகளைச் சுட மறுத்தார்கள். சுட மறுத்தவர்கள் மலைநாட்டு இந்துக்கள். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941ல்தான் வெளியே வந்தார். இதில் ஒரு வேடிக்கை, காந்தியே இந்தச் சிப்பாய்களைப் பாராட்டவில்லை. கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்துகொடுத்த சிப்பாய் அதை மீறுவது தவறு என்று ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரிடம் சொன்னார். சத்தியம் என்றால் அவருக்கும் சத்தியம்தான்.

பெஷாவர் நகரம் சுமார் பத்து நாள் அரசின் கையில் இல்லை. பின்னர் அடக்குமுறை கிராமங்களுக்குப் பரவியது. செஞ்சட்டையைக் கழற்று என்று அடித்தார்கள், தானியக் களஞ்சியங்களை அழித்தார்கள். விளைவு தலைகீழானது. சில நூறு பேராக இருந்த ஊழியர்கள் சில மாதங்களில் பல்லாயிரம் ஆனார்கள். துப்பாக்கி தூக்கும் பதானைவிட தூக்காத பதானைக் கண்டுதான் வெள்ளைக்காரன் பயந்தான் என்பது கஃபார் கானின் கணிப்பு.

இவ்வளவும் நம்பிக்கையால்தானா, அல்லது இதுவும் ஒரு போர்த் தந்திரமா? காந்திக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. 1938ல் எல்லை மாகாணத்தில் சுற்றுப்பயணம் செய்தபோது செஞ்சட்டையரிடம் அவர் கேட்டது, துப்பாக்கியை வைத்துவிட்ட பிறகு முன்பைவிடப் பலசாலிகளாக உணர்கிறீர்களா என்பதையே. இல்லையென்றால் மறுபடி எடுத்துக்கொள்வதே மேல் என்றார்.

பதில் 1940ல் கிடைத்தது, கடைவீதியில் அல்ல, கமிட்டி அறையில். ஜூனில் பாரிஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்திருந்தது. இந்தியாவின் சுதந்திரத்தை ஏற்று டெல்லியில் தேசிய அரசு அமைத்தால், போரில் ஒத்துழைக்கலாம் என்று காங்கிரஸ் ஜூலையில் தீர்மானித்தது. முன்நின்று வாதாடியவர் ராஜாஜி. அவரது வாதம் பலமற்றது அல்ல. வெள்ளையரை எதிர்க்க அகிம்சை போதும். படையெடுத்து வருபவனிடமிருந்து நாட்டைக் காக்க ராணுவம் வேண்டாமா? நிர்வாகப் பொறுப்பு தெரிந்த எவரும் கேட்கும் கேள்வி. காங்கிரஸின் பெரிய தலைகளில் பலர் அதை ஏற்றார்கள். அகிம்சை அவர்களுக்கு ஒரு கொள்கை; காலம் மாறினால் திருத்திக்கொள்ளலாம். கஃபார் கான் காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். வம்சம் வம்சமாக ஆயுதம் ஏந்திய இனத்தவர் ஆயுதம் கூடாது என்றார். அறையில் இருந்த மற்றவர்களில் பலர் ஆயுதத்தைத் தொட்டே பார்த்திராதவர்கள். கடவுளை சாட்சியாக வைத்துக் கொடுத்த வாக்கில் திருத்தம் கொண்டுவர எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை என்பது அவர் நிலை.

கடவுள் அவர்களைக் காப்பாற்றினாரா என்று கேட்பவர்களுக்கு 1947 கசப்பான பதிலைத்தான் தரும். கலவர நாள்களில் செஞ்சட்டையர் பெஷாவரின் இந்து, சீக்கியக் குடும்பங்களுக்குக் காவல் நின்றார்கள். கஃபார் கான் பிகாரில் காந்தியுடன் முஸ்லிம் கிராமங்களில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் பிரிவினை முடிவாகிவிட்டது. எல்லை மாகாணத்தில் பொதுவாக்கெடுப்பு நடத்தவும் காங்கிரஸ் சம்மதித்தது. எங்களை ஓநாய்களிடம் வீசிவிட்டீர்கள் என்ற அவரது வேதனைச் சொல் பிரசித்தம். இந்தியா அல்லது பாகிஸ்தான் என்று இரண்டே பெட்டிகள். பதான்களுக்குத் தனி நாடு என்ற மூன்றாவது வழி மறுக்கப்பட்டது. செஞ்சட்டையர் வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். மொத்த வாக்காளரில் பாதிக்குச் சற்றே மேற்பட்டவர்கள் பாகிஸ்தானுக்கு வாக்களித்தனர். ஆகஸ்ட் 22ல், பாகிஸ்தான் பிறந்து ஒரு வாரத்தில், கஃபார் கானின் அண்ணன் டாக்டர் கான் சாகிப்பின் மாகாண அரசு நீக்கப்பட்டது. (டெல்லி கான் மார்க்கெட்டில் பொருள் வாங்குபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தக் கான் இவர்தான் என்று?)

1948 ஜூனில் கஃபார் கான் கைதானார். ஆகஸ்ட் 12ல் சார்சத்தா அருகே பாப்ராவில், கைதுகளை எதிர்த்துக் கூடிய செஞ்சட்டையர் மீது போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கு 15 உயிர். அந்தப் பக்கத்து மக்கள் சொல்வது நூற்றுக்கணக்கில். கிஸ்ஸா கவானியைவிடக் கொடியது என்று அவர்கள் கருதுகிறார்கள், சுட்டது சொந்த அரசு என்பதால். இயக்கம் தடை செய்யப்பட்டது. மானுடவியலாளர் முகுலிகா பானர்ஜி 1990களில் அங்கு போய், உயிரோடிருந்த சுமார் 70 முதிய செஞ்சட்டையரைப் பேட்டி கண்டார். 2000ல் வந்த அவரது நூல் இல்லாவிட்டால், உறுதிமொழி எடுத்த சாதாரணக் குடியானவர்களின் குரல் ஏட்டில் ஏறாமலே போயிருக்கும்.

கஃபார் கானின் சிறைவாசத்தைக் கூட்டினால் இரு நாட்டு ஆட்சிகளிலுமாக கால் நூற்றாண்டைத் தாண்டும். 1962ல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் அவரை அந்த ஆண்டின் கைதியாக அறிவித்தது. 1969ல் காந்தி நூற்றாண்டுக்கு டெல்லி வந்தபோது சொந்தத் துணிமூட்டையைத் தாமே சுமந்து இறங்கினார். அப்போதுதான் ஆமதாபாத்தில் பெரும் கலவரம் நடந்து முடிந்திருந்தது. விழா எடுக்க அழைத்தவர்கள் மாலையோடு காத்திருக்க, அவர் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். புத்தரை மறந்தது போல் காந்தியையும் மறந்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லவும் தயங்கவில்லை. கைதட்டினார்கள்.

1987ல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. 1988 ஜனவரி 20ல் பெஷாவரில் இறந்தார். ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். அங்கே அப்போது சோவியத் படைகளுக்கும் முஜாகிதீன்களுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. அடக்கத்துக்காகச் சண்டையை நிறுத்திவைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கைபர் கணவாய் வழியாக எல்லையைத் தாண்டி உடலுடன் போனார்கள். ஜலாலாபாத்தில் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் குண்டுகள் வெடித்து 15 பேர் இறந்தார்கள். ஊர்வலத்தில் வந்தவர்கள் அடக்கத்தை முடித்துவிட்டு, அதே கணவாய் வழியாகத் திரும்பினார்கள்.