ரசீது கொடுத்த மெயில் எங்கே போச்சு?

பொட்டி தட்டுறவங்களுக்கான சமாச்சாரம்னு நினைச்சு ஓடிடாதீங்க. ஊரை விட்டு வந்து பெங்களூரு, புனே, டெல்லின்னு குப்பை கொட்டுற நமக்கு ஆஃபர் லெட்டர், பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன், வீட்டுக்கடன் பேப்பர் எல்லாமே மெயிலில்தான் வருது. அந்த மெயில் நடுவழியில் எங்கே தங்குது, எப்படிக் காணாமல் போகுது என்பதுதான் இன்றைய பஞ்சாயத்து.

என் கட்சியை முதலிலேயே சொல்லிடறேன். மெயில் சர்வர் அமைக்கும்போது எல்லோரும் "எந்த ஃபைல் சிஸ்டம் வேகம்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது அது இல்லை. "இந்த நொடி கரண்ட் போனால் என்ன மிஞ்சும்?" என்பதுதான் கேள்வி.

ஏன்னு பார்ப்போம். ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் மெயிலை ஒப்படைத்ததும், வாங்கியவர் 250 என்று பதில் சொல்லணும். தபால் ஆபீஸ் கவுன்டரில் தரும் ரசீது மாதிரி. அதைக் கொடுத்துட்டா பொறுப்பு வாங்கியவருடையது. கொண்டு சேர்க்கணும், முடியலைன்னா முடியலைன்னு அனுப்பியவருக்குச் சொல்லணும். மெஷின் படுத்துடுச்சுன்னு சாக்கு சொல்லி மெயிலைத் தொலைக்கக் கூடாது. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321 இதைத் தெளிவாகவே சொல்லுது.

250 வந்ததும் அனுப்பிய சர்வர் தன் காப்பியை அழிச்சிடும். அப்புறம் அந்த மெயில் இருக்கிற ஒரே இடம் வாங்கியவரின் க்யூதான். டிஸ்க்கில் எழுதாமல் 250 சொல்லிட்டு கரண்ட் போச்சுன்னா, பவுன்ஸ்கூட வராது. "நான் அனுப்பினேனே", "எனக்கு வரலையே" என்ற சண்டை மட்டும் மிஞ்சும்.

போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரி ஒழுங்கான சர்வர்கள் ஒவ்வொரு மெயிலையும் ஒரு ஃபைலாக எழுதி, எஃப்சிங்க் பண்ணி, அது டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் 250 சொல்லும். இதுக்கு விலை உண்டு. 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுத்தும். சுற்றுக்கு ஒரு எஃப்சிங்க் என்று வைத்தாலும் நொடிக்கு நூற்றுச் சொச்சம்தான். எஸ்எஸ்டி வந்து இந்தக் கணக்கை மாத்திடுச்சு, ஆனால் எஃப்சிங்க் இன்னும் இலவசமாகலை. இங்கேதான் ஃபைல் சிஸ்டம் உள்ளே வருது.

எக்ஸ்ட்2 காலத்தில் ஃபைல் பெயர் விவரங்கள் மெமரியில் கிடந்து மெதுவாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். க்யூமெயிலோ அவை உடனே எழுதப்படும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. அதனால் லினக்ஸில் க்யூவை சிங்க் ஆப்ஷனோடு மவுன்ட் பண்ண வேண்டியிருந்தது.

2001-இல் எக்ஸ்ட்3 லினக்ஸுக்குள் வந்தது. அதில் டேட்டாவையும் சேர்த்து ஜர்னலில் எழுதும் ஒரு முறை உண்டு. எல்லாவற்றையும் ரெண்டு தடவை எழுதும், அதனால் மெதுவாத்தானே இருக்கும்? மெயில் க்யூவில் பல நேரம் அதுதான் வேகம்! ஜர்னலில் வரிசையாக எழுதிவிட்டால் எஃப்சிங்க் முடிஞ்சுது. டிஸ்க்கின் முள் அங்கே இங்கே அலைய வேண்டாம். வழக்கமான ஆர்டர்டு முறையிலோ, ஒரு மெயிலுக்கு எஃப்சிங்க் கேட்டால் அதே பார்ட்டிஷனில் மத்தவங்க எழுதிக்கிட்டிருப்பதையும் இறக்கிட்டுத்தான் விடும். க்யூவுக்குத் தனி பார்ட்டிஷன் கொடுங்கன்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்லை.

குட்டி ஃபைல்களுக்கு ரெய்சர்எஃப்எஸ்தான் ராஜான்னு கொண்டாடினோம். 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13-இல் அதைத் தூக்கியே விட்டார்கள். வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது, நாளைக்கு அதைப் பராமரிக்க ஆள் இருக்கான்னும் பார்க்கணும். எக்ஸ்எஃப்எஸ் மெயிலுக்கு ஆகாது என்ற பழைய பேச்சும் காலாவதி. நிறைய ஃபைல்களை உருவாக்கி அழிப்பதில் இருந்த மந்தம், 2010-இல் லினக்ஸ் 2.6.35-இல் வந்த மாற்றத்தால் பெருமளவு போயிடுச்சு.

இன்னொரு வில்லன் ஐனோடு. எக்ஸ்ட்4-இல் ஃபார்மேட் பண்ணும்போதே ஐனோடு எண்ணிக்கை முடிவாகிடும். வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. 20 ஜிபி பார்ட்டிஷன் என்றால் சுமார் 13 லட்சம். போஸ்ட்ஃபிக்ஸில் தேங்கி நிற்கும் ஒரு மெயிலுக்கு மெயில் ஃபைல் ஒன்று, ஏன் போகலை என்ற குறிப்பு ஃபைல் ஒன்று. ஸ்பாம் வெள்ளம் வந்து தேங்கினால், டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போதே இடமில்லைன்னு கை விரிச்சிடும். டிஎஃப் கட்டளையை ஐ ஆப்ஷனோடும் பார்த்து வைங்க.

இதெல்லாம் நியாயமான கவலைகள். நான் சண்டை போடுறது குறுக்கு வழிகளோடு. பேரியரை அணைப்பது, க்யூவை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைப்பது, இப்போதைய ஃபேஷனாக கன்டெய்னருக்குள் வால்யூம் இல்லாமல் க்யூவை ஓட்டுவது. போஸ்ட்ஃபிக்ஸ் போகாத மெயிலை வழக்கமாக 5 நாள் வரை வைத்திருந்து முயற்சி பண்ணும். புது கன்டெய்னர் ஏற்றிவிட்டு பழையதை அழிச்சா, அந்த 5 நாள் மூட்டையும் கோவிந்தா!

"யுபிஎஸ் இருக்கே பாஸ்" என்பார்கள். கெர்னல் பானிக்குக்கு யுபிஎஸ் என்ன செய்யும்? பேட்டரி உள்ள ரெய்டு கன்ட்ரோலர் இருந்தால் பேரியரை அணைக்கலாம், ஒத்துக்கறேன். திரும்ப அனுப்பிக்கொள்ளக்கூடிய விளம்பர மெயில் மட்டும் போகும் சர்வரில் மெமரி க்யூ வைத்தாலும் குடி முழுகாது. ஆனால் ஊரான் வீட்டு ஆஃபர் லெட்டர் போகும் சர்வரில் அந்தச் சூதாட்டத்துக்கு நமக்கு உரிமை இல்லை. இழப்பு அவங்களுக்கு, வேகத்தின் பெருமை மட்டும் நமக்கு என்றால் எப்படி?

எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் எது வேணும்னாலும் போடுங்க. தனி வால்யூம் கொடுங்க, பேரியரில் கை வைக்காதீங்க. சர்வரை லைவ் ஆக்கும் முன் 1000 மெயிலுக்கு நம்பர் போட்டு அனுப்பி, நடுவில் ப்ளக்கைப் பிடுங்குங்க. 250 வாங்கிய மெயில்கள் எத்தனை, கடைசியில் போய்ச் சேர்ந்தவை எத்தனைன்னு எண்ணுங்க. ஒன்று குறைந்தாலும் அந்த அமைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் வேண்டாம்.

பி.கு: க்யூவை வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றுவதாக இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திட்டு மாத்துங்க. நீள க்யூ ஐடி போடாத அமைப்பில் ஃபைல் பெயரே ஐனோடு நம்பரை வைத்துத்தான். புது இடத்தில் நம்பர் மாறிடும். போஸ்ட்சூப்பர் கட்டளை அதைச் சரி பண்ணிக் கொடுக்கும். வர்ட்டா! :-)