மலையைப் படிக்கத் தெரிந்தவர்கள்

என் தங்கை மகன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான். முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. காலில் கொப்புளம் வேறு.

"எங்கேடா போய்ட்டு வந்தே?"

"மலைக்கு மாமா. ஆபீஸ்ல என்கூட வேலை பாக்குறவர் செப்டம்பர்ல எல்க் மான் வேட்டைக்குப் போறார். துப்பாக்கி இல்ல, வில்லு அம்புதான். அதுக்கு முன்னாடி மலையை வேவு பாக்கணும்னு என்னையும் கூட்டிட்டுப் போனார்."

"மானைப் பாத்தியா?"

"ரெண்டு நாள்ல ஒண்ணுகூட கண்ணுல படல. புழுக்கையைப் பாத்தோம், அது புரண்ட சேத்துக்குழியைப் பாத்தோம், மரத்துல கொம்பு உரசுன தழும்பைப் பாத்தோம். அவருக்கு ஒரே சந்தோஷம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. புழுக்கையைப் பார்க்கவா இரண்டு நாள் மலை ஏறுவார்கள்? அவன் விளக்கிய பிறகுதான் புரிந்தது. துப்பாக்கிக்காரர் தூரத்தில் நின்றே சுட்டுவிடலாம். வில்காரர் முப்பது, நாற்பது அடி வரைகூட நெருங்க வேண்டியிருக்கும். காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், மனித வாடை மானுக்குப் போய்விடும். அதனால் அது எங்கே தண்ணீர் குடிக்கிறது, எங்கே படுக்கிறது, எந்த வழியாக ஏறி இறங்குகிறது, எந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமாம். லைசென்ஸ் வாங்கி, குறித்த சீசனில் மட்டுமே அங்கே வேட்டையாடலாம். ஆனால் மலையைப் படிக்க சீசன் கிடையாது.

எல்க் என்றால் ஏறக்குறைய நம் கடமான் மாதிரிதான். அதைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு காலத்தில் இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர்கள் அங்குள்ள கடமானையே 'எல்க்' என்றுதான் அழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களோடு அதைத் துரத்தி வேட்டையாடியதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

"நம்ம ஊர்ல இப்படியெல்லாம் வேவு பாத்திருக்காங்களா மாமா?" என்று கேட்டான். "பொங்கலுக்கு வா, காட்டுறேன்" என்றேன்.

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். ஒகேனக்கலில் காவிரியோடு கலக்கும் சின்னாறு எங்கள் ஊருக்கு அருகில்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்று பெயர்தான். பல மாதங்கள் வெறும் மணல்தான். ஆனால் அந்த மணலுக்கு ஒரு வரலாறு உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி நடந்த பூமி இது. 1954-ல் அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் வந்தபோது தருமபுரி என்று ஒரு மாவட்டமே இல்லை. எல்லாம் சேலத்தோடு சேர்ந்திருந்தது. 1965-ல்தான் தருமபுரி தனி மாவட்டமானது.

அவர் கதைகளைப் படித்தவர்களுக்குக் கடைசியில் வெடிக்கும் துப்பாக்கிதான் ஞாபகம் இருக்கும். திரும்ப எடுத்துப் படித்துப் பாருங்கள். பக்கங்களில் பெரும்பங்கு அதற்கு முன்னால் நடப்பதுதான். விடிகாலையில் காய்ந்த ஆற்றுப்படுகையில் நடப்பது, கால்தடம் தேடுவது, ஊர்க்காரர்களிடம் விசாரிப்பது, எந்த மரத்தில் பரண் கட்டலாம் என்று பார்ப்பது. அந்த வேலையில் அவருக்குக் கண்ணாக இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். சின்னாற்றங்கரைப் பழங்குடியான பைரா, பென்னாகரத்து ரங்கா இருவரையும் அவரே மறக்காமல் எழுதியிருக்கிறார். காட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததில் எவ்வளவோ பைரா கற்றுக் கொடுத்தது என்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை. ஆனால் புத்தக அட்டையில் ஒரு பெயருக்குத்தானே இடம் இருக்கிறது!

வில் வேட்டையும் நமக்குப் புதிதல்ல. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். கையில் வில்லோடு நிற்கும் வீரர்களை அந்தக் கற்களில் பார்த்துவிட்டு, தங்கை மகன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எங்கள் ஊர் எல்லையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் வேட்டைக்கு வந்த துரைமார்களுக்கு வழிகாட்டியாகப் போனவராம். "காட்டுக்குள்ள போக அனுமதி இல்லீங்க சார். காட்டோரமா வண்டிப்பாதை இருக்கு. அதுல ஆறு வரைக்கும் போலாம்" என்றார்.

தங்கை மகன் போனை எடுத்தான். சாட்டிலைட் மேப், காற்று வீசும் திசை காட்டும் ஆப், எல்லாம் வைத்திருக்கிறான். காவலர் அதை ஆர்வமாகப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, விரல் இடுக்கில் மெதுவாக விட்டார். தூசி எங்களைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் போனது.

"இப்ப காத்து கீழே எறங்குது தம்பி. வெயில் ஏறுச்சுன்னா அதுவும் மேல ஏறும். சாயங்காலம் மறுபடி எறங்கும்."

"மாமா, கொலராடோல அவரும் இதையேதான் சொன்னாரு!" என்றான் தங்கை மகன்.

ஆற்று மணலுக்கு வந்ததும் காவலர் வாத்தியாராகிவிட்டார். ஒரு தடத்தைக் காட்டி, "இது நாய். நகம் பதிஞ்சிருக்கு பாருங்க. சிறுத்தை நடக்கையில நகத்தை உள்ள இழுத்துக்கும்" என்றார். இன்னொன்று பிளந்த குளம்பு. "இது கடமான். புள்ளிமான்னா இதைவிடச் சின்னதா இருக்கும். ஆனா இது இன்னிக்குப் போனதில்ல. தடத்துக்கு மேலயே பூச்சி ஊர்ந்த கோடு இருக்குதே! ராத்திரி பூச்சி ஊர்றதுக்கு முன்னாடியே மான் போயிருச்சு."

பத்தடி தள்ளி ஒரு பெரிய வட்டம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்தார். "இதுல ரெண்டு பங்கு, அதான் ஆனையோட தோள் உயரம்." அளந்து பார்த்தால் எட்டடிக்கு மேல் வந்தது. அந்தத் தடத்தின் மேல் பூச்சிக்கோடு இல்லை.

காவலர் நிமிர்ந்தார். அதுவரை இருந்த வாத்தியார் முகம் இல்லை. நாலு எட்டு நடந்து, கிடந்த லத்தியில் கையை வைத்துப் பார்த்தார். முறிந்த மூங்கில் கிளையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை. குரலைத் தாழ்த்தி, "திரும்புங்க. ஓடாதீங்க, பேசாதீங்க" என்றார்.

எனக்கு எதுவுமே தெரியவில்லை. பறவைச் சத்தம், இளவெயில், அழகான காலை. நானாக இருந்தால் அந்த வளைவு வரை போய் ஒரு போட்டோ எடுத்திருப்பேன். ஐம்பதடி திரும்பி வந்திருப்போம், வளைவுக்கு அந்தப் பக்கம் மூங்கில் 'படார்' என்று முறியும் சத்தம் கேட்டது.

மேட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்தது, போனை எடுத்து யாரையோ கூப்பிட்டது. "அக்கா, ஆட்டை இந்தப் பக்கம் ஓட்டிட்டு வராதீங்க. ஒத்தை ஆனை நிக்குது. நான் சொன்னப்புறம் வாங்க." தினமும் ஏழு மணிக்கு அந்தப் பாதையில் ஒரு அம்மா ஆடு ஓட்டி வருவாராம். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், அவருக்கு அதுதான் அன்றைய வேலை.

வேட்டைக்காலம் முடிந்துவிட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். வில் போயிற்று, துப்பாக்கியும் போயிற்று. வேவு மட்டும் மிச்சமிருக்கிறது. அன்று ஓர் உயிரை எடுப்பதற்காகப் படித்த அதே மணலை, இன்று ஆடு மேய்ப்பவரின் உயிரையும் ஆனையின் உயிரையும் காப்பாற்றப் படிக்கிறார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்தபோது, "உங்க பையனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அவன் திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கான் சார். நல்லாத்தான் இருக்கான். லீவுல வந்தா கூட்டிட்டுப் போவேன்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு அங்க என்னென்னமோ தெரியுது. அவனுக்கு மணல்தான் தெரியுது."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மகன் நல்ல சம்பளம் வாங்குவதில் அவருக்கு மகிழ்ச்சிதான். எனக்குத்தான் அந்த வார்த்தை இறங்கவே இல்லை. இவருக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு யார் போன் செய்வார்கள்?

காடும் மலையும் உள்ள ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனில் மேப் இருக்கிறது என்று தனியாக இறங்கிவிடாதீர்கள். அனுமதி இல்லாத இடத்தில் ஓரடிகூட வைக்காதீர்கள். விடியலிலும் அந்தியிலும் காட்டோரப் பாதையில் நடக்கும் முன், "இந்தப் பக்கம் ஏதாவது நடமாட்டம் இருக்குங்களா?" என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். போகிற இடத்தில் ஒரு பெரியவர் கிடைத்தால், பிள்ளைகளை அவரோடு அரைமணி நேரம் உட்கார வையுங்கள்.

கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்து தங்கை மகனைக் கேட்டேன். "அந்த ஆபீஸ்காரர் எல்க் அடிச்சாரா இல்லையா?"

"இல்ல மாமா. அஞ்சு நாள் போனார். கடைசி நாள் ஒண்ணு பக்கத்துல வந்திருக்கு. காத்து திரும்பிடுச்சு. போயிடுச்சு."

"அடப்பாவமே! அவ்வளவு கஷ்டப்பட்டும் வீணாப்போச்சே?"

"அவர் அப்படிச் சொல்லல மாமா. இனிமே அந்த மலை எனக்குத் தெரியும்னு சொன்னார்."

காவலர் அதைக் கேட்டுச் சிரித்தார். "அவரை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க தம்பி. வில்லை மட்டும் வீட்லயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க."