கல்லூரி மேட்ச்... டிவியிலா, ஆப்பிலா?

2024 பிப்ரவரி 15. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக பாஸ்கெட்பால் அரங்கத்தில் நிற்க இடமில்லை. கெய்ட்லின் கிளார்க் என்ற மாணவிக்கு இன்னும் 8 பாயின்ட் தேவை. எடுத்துவிட்டால், என்.சி.ஏ.ஏ. பெண்கள் பாஸ்கெட்பாலில் அதிக பாயின்ட் குவித்தவர் அவர்தான். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எடுத்துவிட்டார். அன்று மட்டும் மொத்தம் 49 பாயின்ட்!

ஆனால், அந்த ஆட்டம் எந்த டிவி சேனலிலும் வரவில்லை. பீகாக் என்ற ஆப்பில், மாதச் சந்தா கட்டியவர்கள் மட்டுமே நேரலையில் பார்த்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி இறுதிப்போட்டி. கிளார்க்கின் அணி சவுத் கரோலினாவிடம் தோற்றது. இந்த ஆட்டம் ஏ.பி.சி. சேனலில் வந்தது. ஆன்டெனா இருந்தால் போதும், காசு கொடுக்காமலே பார்க்கலாம். பார்த்தவர்கள் சராசரியாகச் சுமார் 1.89 கோடி பேர். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதிப்போட்டி கட்டண கேபிள் சேனல்களில் வந்தது. அதைப் பார்த்தவர்கள் சுமார் 1.48 கோடி. பெண்கள் இறுதிப்போட்டி ஆண்களுடையதை முந்தியது அதுவே முதல் முறை.

கிளார்க்கின் திறமைதான் முதல் காரணம். ஆனால், கதவு திறந்திருந்ததும் ஒரு காரணம் இல்லையா?

நம் ஊரில் கல்லூரி மேட்ச் என்றால், கைதட்ட வகுப்புத் தோழர்கள் வருவார்கள். அமெரிக்காவில் அது பெரிய திருவிழா. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். ஃபுட்பால் சீசனில் சனிக்கிழமை என்றாலே கல்லூரி ஆட்டம்தான். தாத்தா படித்த கல்லூரி, அப்பா படித்த கல்லூரி என்று குடும்பமே ஒரு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு டிவி முன் உட்காரும்.

இந்த உறவுக்கு வயது அதிகம். அமெரிக்காவில் டிவியில் ஒளிபரப்பான முதல் விளையாட்டே ஒரு கல்லூரி ஆட்டம்தான். 1939 மே 17, கொலம்பியாவும் பிரின்ஸ்டனும் மோதிய பேஸ்பால் மேட்ச். அதைப் படம்பிடித்தது ஒரே ஒரு கேமரா.

டிவி பரவியதும் கல்லூரிகளுக்குப் பயம் வந்தது. வீட்டிலேயே பார்த்துவிட்டால் மைதானத்துக்கு யார் வருவார்கள்? 1950-களின் தொடக்கத்திலிருந்து என்.சி.ஏ.ஏ. அமைப்பே கட்டுப்பாடு விதித்தது. ஓர் அணி எத்தனை முறை டிவியில் தலைகாட்டலாம் என்பதற்குக்கூட வரம்பு. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்கு போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதன் பிறகு ஒளிபரப்பு உரிமை ஏலப்பொருள் ஆனது. ஆண்கள் பாஸ்கெட்பால் தொடருக்கு மட்டும் 2010-ல் போட்ட ஒப்பந்தம், 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர்!

சரி, பார்க்கிறவர்களுக்கு எது நல்லது?

டிவியின் பலம் எளிமை. பாஸ்வேர்டு வேண்டாம், சுற்றும் வட்டத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். எண்பது வயதுப் பாட்டிக்கும் ரிமோட் தெரியும். இணையத்தில் படம் சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது, பக்கத்து வீட்டில் டிவி பார்ப்பவர் கைதட்டிவிடுவார். வாட்ஸ்அப்பில் மச்சான் முடிவையே போட்டுவிடுவார்.

இணையத்தின் பலம், இடம். ஒரு சேனலில் ஒரு நேரத்துக்கு ஓர் ஆட்டம்தான். ஆப்பில் அந்த வரம்பு இல்லை. நீச்சல், டென்னிஸ், வாலிபால் என்று டிவி திரும்பிப் பார்க்காத விளையாட்டுகளும் வருகின்றன. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1995-ல் என்.சி.ஏ.ஏ. இரட்டையர் பட்டம் வென்றார். அன்று இங்கே வீட்டில் உட்கார்ந்தபடி அதைப் பார்க்க வழி ஏது? இன்று மகளோ பேரனோ அங்கே கல்லூரி அணியில் ஆடினால், போனிலேயே பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

அப்படி யாராவது உங்கள் வீட்டிலிருந்து போயிருந்தால் ஒரு யோசனை. முதலில் அந்தக் கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அட்டவணையிலேயே நேரலை இணைப்பு இருக்கும். சிறிய கல்லூரிகள் பல இலவசமாகவே காட்டுகின்றன. பெரிய அணிகளின் ஆட்டம் என்றால், அந்த ஆப் இந்தியாவில் வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நேரக் கணக்கும் முக்கியம். நியூயார்க் பக்கம் பகல் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு 9.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்ததும் 10.30.

இணையத்தின் பலவீனம், பில். ஒரே அணியின் ஆட்டங்கள் இந்த வாரம் ஒரு சேனலில், அடுத்த வாரம் வேறு ஆப்பில். 2025-ல் யூடியூப் டிவிக்கு மாதம் 82.99 டாலர், ஈ.எஸ்.பி.என். ஆப்புக்கு 29.99 டாலர். அவ்வளவு கட்டியும் உத்தரவாதம் இல்லை. 2025 அக்டோபர் 30-ம் தேதி இரவு, டிஸ்னிக்கும் யூடியூப் டிவிக்கும் பேச்சுவார்த்தை முறிந்து ஈ.எஸ்.பி.என்., ஏ.பி.சி. எல்லாம் மறைந்தன. நவம்பர் 14-ல்தான் திரும்பி வந்தன. சீசனின் உச்சத்தில் இரண்டு சனிக்கிழமைகள் போயே போயின.

பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஆடுகிறவர்களுக்கும் இதில் இழப்பு இருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பு பேக்-12. அதன் வேர் 1915-ல். 2022-ல் லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் விலகுவதாக அறிவித்தன. மிச்சம் இருந்தவர்களுக்கு நல்ல டிவி ஒப்பந்தம் அமையவில்லை. 2023 கோடையில் ஆப்பிள் நிறுவனம் ஒன்றை முன்வைத்தது. ஆட்டங்கள் முக்கியமாக இணையத்தில், சந்தாதாரர் சேரச் சேர வருமானம் கூடும். ஆப்பில் ஒளிந்துகொண்டால் நம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், சந்தா சேராவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் பெரிதாக இருந்தது. ஆகஸ்ட் 4-ம் தேதி ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் கிளம்பிவிட்டன. கடைசியில் மிஞ்சியவை இரண்டு.

விளைவு? பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இன்று ஆடுவது அட்லான்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில்! லாஸ் ஏஞ்சலஸ் மாணவி, சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து நியூஜெர்சியில் வாலிபால் ஆட வேண்டும். மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. திரும்பி வந்தால் வகுப்பும் தேர்வும் காத்திருக்கும். ஃபுட்பாலை எந்தத் திரையில் காட்டுவது என்ற பேரத்துக்கு, டிவியில் அதிகம் வராத வாலிபால் பிள்ளையின் தூக்கம் விலை.

எனக்குத் தோன்றுவது இதுதான். வாராந்திர ஆட்டங்களும் சின்ன விளையாட்டுகளும் இணையத்துக்குப் போகட்டும், அங்கேதான் அவற்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால், நாடே பார்க்க விரும்பும் இறுதிப்போட்டி இலவச சேனலில் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே கல்லூரி ஆண்கள் பாஸ்கெட்பால் இறுதிப்போட்டி 2016-லிருந்து ஓர் ஆண்டு இலவச சேனலில், மறு ஆண்டு கட்டணச் சேனலில் என்று மாறி மாறி வருகிறது.

காசு கட்டத் தயாராக இருப்பவர் ஏற்கெனவே ரசிகர். ஆன்டெனாவில் தற்செயலாகப் பார்க்கும் பத்து வயதுச் சிறுமிதான் நாளைய ரசிகை, நாளைய ஆட்டக்காரி. சந்தா கணக்குப் போடும்போது அவளையும் எண்ணிக்கொண்டால், எல்லா ஊருக்கும் நல்லது.