குரங்கணிக்குப் பிறகு என்ன படித்தோம்?

மாசி பிறந்துவிட்டால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து சில ராத்திரிகளில் சிறுமலைச் சரிவில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். தெருப்பிள்ளைகள் செல்போனில் படம் எடுப்பார்கள். அந்தக் கோட்டின் ஓரத்தில் பச்சைக் கிளையால் தீயை அடித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் படத்தில் விழுவதில்லை.

நான் ரயில்வேயில் குப்பை கொட்டியவன். எங்களிடம் ஆயிரம் குறை உண்டு. ஆனால் பெரிய விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து உட்காருவார். அவர் எங்கள் அமைச்சகத்தின் ஆளே அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவர். கேட்மேன் வரைக்கும் கூப்பிட்டுக் கேட்பார். எங்கள் விதிப்புத்தகத்தில் பல வரிகள் யாரோ செத்த பிறகு எழுதப்பட்டவை.

காட்டுத் தீக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

2018 மார்ச் 11 குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 23 உயிர்கள். அதுல்ய மிஸ்ரா விசாரித்து அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. கோடையில் தடை போடுகிறோம். சரிதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது மலை ஏறுகிறவனுக்குப் போட்ட பூட்டு. தீயை அணைக்க ஏறுகிறவனுக்கு என்ன கிடைத்தது? 2020 பிப்ரவரியில் கேரளத்தின் கொட்டம்பத்தூரில் 3 வனக் காவலர்கள் கருகினார்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்சரிலும் வன ஊழியர்கள்தான்.

அமெரிக்காவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் 1949இல் 13 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களின் தலைவர் டாட்ஜ், துரத்தி வந்த தீக்கு முன்னால் தானே புல்லைக் கொளுத்தி, எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். கூப்பிட்டும் மற்றவர்கள் வரவில்லை, அவர்களுக்கு அது புரியவில்லை. பிறகு அது உட்பட 16 விபத்துகளை ஆராய்ந்து 1957இல் 10 கட்டளைகள் எழுதினார்கள். தப்பிக்கும் வழி எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்குப் பிறகும் அங்கே சாவு நிற்கவில்லை, 2013இல் யார்னெல் மலையில் 19 பேர். ஆனாலும் ஒவ்வொன்றையும் தோண்டி எழுதி வைக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த பழைய தீக் காவலர் ஒருவர் டீக்கடையில் சொன்னார்: “சார், தீ வந்தா மேல ஓடக் கூடாது. அது நம்மள விட வேகமா ஏறும். எரிஞ்சு கருத்த எடத்துக்குள்ள போயிரணும்.” டாட்ஜ் செய்ததும் அதுதானே! இவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. இத்தனை வருஷத்தில் இதை ஒரு ஆபீசர்கூட அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டதில்லையாம். தினக்கூலி ஆளிடம் என்ன கேட்பது என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

கோடை மழை விழுந்து தீ அடங்கியதும் காவலர்களை ஒரு நாள் உட்கார வைத்துக் கேளுங்கள். எங்கே காற்று திரும்பியது, யார் மாட்டிக்கொள்ளப் பார்த்தார், தண்ணீர் எப்போது தீர்ந்தது என்று. யாரையும் சஸ்பெண்ட் செய்வதற்காக அல்ல. சொன்னால் வேலை போகும் என்றால் எவனும் வாயைத் திறக்க மாட்டான். கேட்டதைத் தமிழில் அச்சடித்து, அடுத்த தை மாதத்துக்குள் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

நிதி இல்லை என்று சொல்வார்கள். திண்டுக்கல்லில் நடத்தினால் அன்றைய டீ, வடைச் செலவு என் பென்ஷனிலிருந்து.